'கெட்'டுக்கு எத்தனை நிறம்?

இங்கிலீஷ் டியூஷன் தொழிலில், தெரியாததைத் தெரியாது என்று ஒருநாள் சொல்லிவிட்டால் மறுநாள் பெஞ்சு காலியாகிவிடும். எழுபதுகளின் கடைசியிலிருந்து ஆறேழு வருஷம் ஆரணிக் கடைத்தெருவில், ஒரு மாடி டுடோரியலில் அப்படித்தான் காலம் தள்ளினேன். 'கெட்' (get) என்ற மூன்றெழுத்து இங்கிலீஷ் சொல்லிடம் நீங்களும் அடிவாங்கியிருப்பீர்கள். அடிவாங்கினவர்களுக்குத்தான் இது புரியும்.

எல்லாம் அதன் தலையில்

சாந்தா சேவூரிலிருந்து வந்தாள். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், கணவனோடு வீட்டுத் தறியில் நெசவு. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் பெயில். ஊர் ஊராகச் சத்துணவு மையம் திறந்துகொண்டிருந்த நேரம் அது. அமைப்பாளர் வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் வேண்டும். அவள் தெரு மையத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. வரப்போகும் பரீட்சையில் கோட்டை விட்டால் வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

முதல் நாள், 'கெட்' என்றால் 'பெறு' என்று கரும்பலகையில் கம்பீரமாக எழுதினேன். பாடத்தின் அடுத்த பக்கத்தில் ஒருவன் அதே சொல்லை வைத்துக்கொண்டு எழுந்தான், நனைந்தான், கோபப்பட்டான், வீடு போய்ச் சேர்ந்தான், கல்யாணமும் செய்துகொண்டான். எனக்கு வியர்த்துவிட்டது. சாந்தா மட்டும் அந்தப் பக்கத்தையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா வேலையும் இது ஒண்ணு தலையிலயே கட்டிட்டாங்களா? ஐயோ பாவம், எங்க வூட்ல நான் இருக்கிற மாதிரியே இருக்குது சார்."

ஞாயிறு போய் அமாவாசை

ஞாயிறு டுடோரியலுக்கு விடுமுறை. அன்றைக்கு ஊரில் தறிச் சத்தம் ஓயாது. தறி ஓய்வதெல்லாம் அமாவாசையன்றுதான். மற்ற நாட்களில் பாதி வகுப்பு தறியில் மாட்டிக்கொண்டு வராது. அமாவாசைக்கு நாள் முழுக்க வகுப்பு வையுங்கள் என்று சாந்தாதான் கேட்டாள். வைத்துப் பார்த்தேன். உட்கார இடம் போதவில்லை.

டுடோரியல் நடத்திய பெரியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், படியேறி வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம லீவு வுட்டவன் வெள்ளக்காரன். அவன் பாஷைய நீ அமாவாசையில நடத்திகினு இருக்கிறியேப்பா!"

நிறம் இல்லாத இடம்

ஒருநாள் அவள் நோட்டைத் திறந்தால் பக்கமெல்லாம் பட்டு இழை. தறியில் அறுந்துவிழும் துண்டு நூல்களைச் சேர்த்து, ஒவ்வொரு 'கெட்'டின் மேலும் ஒன்றைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள். கையில் வாங்குவது சிவப்பு, போய்ச் சேர்வது மஞ்சள், ஒன்று இன்னொன்றாக ஆவது பச்சை. நான் அகராதியில் எண் போட்டுத் தேடிக் களைத்ததை அவள் கண்ணாலேயே பிரித்துவிட்டாள். எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. வகுப்பு முடிந்தபின் இங்கிலீஷ் பேப்பரை விரித்து நானும் இழை ஒட்டத் தொடங்கினேன்.

ஒரு வரியில் மட்டும் அவள் இழை வைக்கவில்லை. அங்கே அந்தச் சொல், ஒருத்தி மாமியாரோடு ஒத்துப்போவதைச் சொன்னது. ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"இதுக்கு எங்க வூட்ல கலரு இல்ல சார்."

பரீட்சை மண்டபம்

ஒன்றைச் சொல்ல மறந்தேன். அது என் தப்புதான். இழைகளை மண்டபத்துக்குக் கொண்டுபோகாதே என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் அவற்றைக் கொண்டையில் முடிந்துகொண்டு போய், வினாத்தாளின் மேல் வரிசையாக வைத்திருக்கிறாள். வெளியூரிலிருந்து வந்த மேற்பார்வையாளர் பிட் என்று பிடித்துக்கொண்டார். வெளியே அனுப்பப்போவதாக அதட்டினார். அவள் ஒவ்வொரு இழையாகத் தூக்கிக் காட்டி, இதில் எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நூலை எல்லாம் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எழுது என்றார்.

கூடப் பரீட்சை எழுதின பையன் வந்து சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. இழை இல்லாமல் அவள் என்ன எழுதியிருப்பாள்? ரிசல்ட் வரும்வரை அந்தக் குற்ற உணர்வு என்னை விடவில்லை. நாற்பத்தொரு மார்க். பாஸ்! விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப மார்க் ஷீட் நகல் எடுக்கக் கடைத்தெருவுக்கு வந்தவளிடம், எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"நூலத்தானே சார் புடுங்கினாரு? கண்ண மூடினா கலரு அப்டியே நின்னுகினு இருந்துது."

அடுத்த மாதம் சாந்தா மையத்துச் சாவியை வாங்கிக்கொண்டாள். அந்தச் சொல்லுக்கு இன்னும் எத்தனை பொருள் மிச்சம் என்று அகராதியைப் புரட்டிக்கொண்டு, அந்த மாடியில் பாஸாகாமல் தங்கிப்போனவன் நான் ஒருத்தன்தான்.