இடம் மாறிய கப்பல்

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் படித்துக்கொண்டிருந்தபோது, தபால்தலை சேகரிப்போரின் சிற்றிதழ் ஒன்றில் அஞ்சல் விளையாட்டு நடத்தினேன். மாமல்லபுரம் கடலை நூறு கட்டங்களாக வரைந்து, ஒன்றில் மூழ்கிய கப்பலை ஒளித்துவைத்தேன். வாசகர்கள் மாதம் ஒரு கட்டத்தை அஞ்சலட்டையில் கேட்பார்கள். பதில் இதழில் வரும்.

மூன்றாம் மாதமே கல்பாக்கம் சலீம் பாய் சரியான கட்டத்தை எழுதிவிட்டார். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் கடிதம் வந்ததில்லை. ஆட்டம் முடிந்தால் என் பெயருக்கு வரும் அட்டைகள் நின்றுவிடுமே என்று பயந்து, கப்பலை இடம் மாற்றி, "இல்லை" என்று போட்டேன். பிறகு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் யாரும் கேட்காத ஒரே கட்டம்தான் மிச்சம். கப்பல் அங்கேதான் இருந்தது என்று பொய்யாக ஆட்டத்தை முடிக்கவும் மனம் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் பதில்களையும் குறித்த நோட்டுடன் சலீம் பாயே வாசலில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, மூழ்கின கப்பலு ஓடிக்கினே கீதா?" என்று சிரித்தார்.

"மூணாவது மாசம் நீங்க கேட்டதே சரி பாய்," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "எனக்குத்தான் மூளை இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா."

பிறகு நோட்டை மூடிக்கொண்டு, "அடுத்த ஆட்டத்துக்கு விடைய கவர்ல போட்டு ஒட்டி மொதல்லயே எனக்கு அனுப்பிடு. நான் பத்திரமா வச்சிருக்கேன். நான் ஆடல," என்றார்.

அடுத்த இதழில் என் தவற்றை எழுதினேன். கவரையும் அனுப்பினேன். நான் ஒழுங்காக ஆட்டம் நடத்துவதற்காக, அதை மிகவும் விரும்பிய மனிதர் ஆடாமல் இருந்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட இப்போது நினைவில்லை.