சவரிராயனின் மிலிட்டரி ரேடியோ

தொப்பூர் சவரிராயனைப் போல ஒரு வெற்று ஆளை நான் பார்த்ததில்லை. ஏழு வருஷம் பட்டாளத்தில் இருந்தான். சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரித்ததுதான் அவன் கண்ட போர். ஊருக்குத் திரும்பியதும் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, வயர்லெஸ் பிரிவில் இருந்ததாகச் சொல்லித் திரிந்தான்.

1985இல் ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஆனது. லைசென்ஸ் பணம் கட்டத் தபாலாபீசுக்கு அலையும் வேலை ஒழிந்ததென்று எல்லோரும் சந்தோஷப்பட்ட சமயம். தர்மபுரியில் இருந்த என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு அவன் ஒரு சாக்குமூட்டையோடு வந்தான். உள்ளே பச்சை வர்ணம் அடித்த இரும்புப் பெட்டி. பட்டாளத்தில் கழித்துப்போட்ட வயர்லெஸ் செட்டின் வெறும் கூடு. பெங்களூரில் பழைய இரும்புக் கடையில் பிடித்திருந்தான்.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே?" என்றேன்.

"ஒரு டிரான்சிஸ்டரை வெச்சு மூடிக் குடுங்க. வெளிய இருந்து பாத்தா தெரியக் கூடாது."

வைத்துக் கொடுத்தேன். பெட்டியில் ஆறு குமிழ்கள். ஒன்று சத்தத்துக்கு, ஒன்று ஸ்டேஷன் மாற்ற. மீதி நான்கும் சும்மா சுற்றும். பேசுவதற்கு டெலிபோன் போல ஒன்று பக்கத்தில் தொங்க வேண்டும் என்றான். அதையும் மாட்டினேன். அதன் ஒயர் உள்ளே எதோடும் சேரவில்லை.

தினமும் காலையில் அந்தப் பெட்டியில் ஆகாசவாணிச் செய்தி கேட்பான். பிறகு டீக்கடைக்குப் போய், "டெல்லில இருந்து மெசேஜ் வந்துச்சு" என்று அதையே ஒப்பிப்பான். தங்கள் ரேடியோவில் வந்ததைத்தான் இவனும் சொல்கிறான், ஆகவே இவன் சொல்வது நிஜம் என்று முடிவு கட்டிய புத்திசாலிகள் அந்த ஊர்க்காரர்கள். "உங்க பெட்டிக்குத்தான் லைசென்ஸ் வேணாம். இதுக்கு டெல்லி பர்மிஷன் வேணும்" என்று அவன் சொன்னபோதும் தலையாட்டினார்கள். மாதா கோயில் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு பிற்பகல், புளி ஏற்றி வந்த லாரி தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது. டிரைவர் இண்டூர்க்காரன் மாது. வெளியே இழுத்துப் போட்டபோது அவன் வலது கால் நசுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய, ஊர்க்காரர் அர்ச்சுனன் சைக்கிளை எடுத்தார். அதற்குள் நாலு பேர் சவரிராயன் வீட்டுக்கு ஓடினார்கள்.

"வயர்லெஸ்ல சொல்லுங்கண்ணா, ஆம்புலன்ஸ் வரட்டும்!"

முடியாது என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவனிடம் தைரியம் இல்லை. குமிழைத் திருகி, செத்த டெலிபோனைக் காதில் வைத்து இந்தியில் நாலு வார்த்தை கத்தினான்.

"சொல்லிட்டேன். கெளம்பிட்டாங்க. அரை மணி நேரம்."

அர்ச்சுனன் பாதி வழியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். ஒரு மணி நேரம் போயிற்று. யாரும் வரவில்லை. சாலையோரம் இட்லிக்கடை வைத்திருந்த ராயம்மாள்தான் பொறுக்க முடியாமல் நடுரோட்டில் போய் நின்று, ஒரு சிமெண்டு லாரியை மறித்து, மாதுவை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உயிர் தங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரத்தம் இவ்வளவு போகாமல் கொண்டுவந்திருந்தால் காலையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் ராயம்மாள் என் கடை வாசலில் நின்றாள். கையில் அந்தப் பெட்டி. பின்னால் அவன்.

"இவரு வூட்டுல போயித் தூக்கியாந்தேன். கேட்டா, செட்டு ரிப்பேரு, மெக்கானிக்கு என்னை ஏமாத்திட்டாருங்கறாரு. நெசமா?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான். நான் நாலு திருகாணியைக் கழற்றிக் காட்டினேன். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் சோப்புப்பெட்டி அளவில் ஒரு டிரான்சிஸ்டர்.

அவள் அவனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இந்தாளு பொய்யன், சரி. பேசாத போனை நீங்க எதுக்குங்க மாட்டிக் குடுத்தீங்க?"

"அவரு கேட்டாருங்க" என்றேன்.

த்தூ என்று வாசலில் துப்பிவிட்டுப் போய்விட்டாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சவரிராயன் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனான். கணவாயில் சிக்கிய டிரைவரை வயர்லெஸில் பேசிக் காப்பாற்றியது தான்தான் என்று அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். கேட்டவர்கள் டீ வாங்கிக் கொடுக்கிறார்களாம்.

மாதுவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் ஒருமுறை இண்டூருக்குப் போனேன். ஸ்டாப்பில் இறங்கி, ஒரு பீடி பிடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.