இரண்டு கார், ஒரு செட் லைனிங்

1. ஷெட்

ரேஸ் காரில் எனக்கு இன்ஜினைவிடப் பிரேக்கைக் கண்டால்தான் பயம். இன்ஜின் கெட்டால் ஆள் தோற்பான். பிரேக் பிடிக்காவிட்டால் ஆள் வீடு திரும்ப மாட்டான்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு புகையிலை வியாபாரியின் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். முதலாளிக்கு ரேஸ் பைத்தியம். ஒரே மாதிரி இரண்டு பழைய கார்களை வாங்கி, எடை குறைத்து, மெட்ராஸ் பக்கம் யுத்த காலத்து விமானத் தளத்தில் நடக்கும் பந்தயங்களுக்கு அனுப்புவார். ஒன்றை ஓட்டியவன் அவருடைய அக்கா மகன் செல்வராஜ். மற்றதை ஓட்டியவன் காதர். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனை முதலாளிதான் கூட்டி வந்தார்.

அந்த வருடம் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் இருவரும் சம புள்ளியில் நின்றார்கள். சாம்பியன் பட்டம் இவர்களில் ஒருவனுக்குத்தான் என்று எல்லாரும் சொல்லத் தொடங்கியதும் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. எதிரெதிரே நின்றுகொண்டு என் மூலமாகப் பேசுவார்கள்.

"அண்ணே, எட்டாம் நம்பர் ஸ்பேனர அந்தாளு எடுத்தானான்னு கேளுங்க."

"அண்ணே, அது அவரு சட்டப் பையிலதான் இருக்குன்னு சொல்லுங்க."

சிரிப்பாகத்தான் இருந்தது, லைனிங் தேயும் வரை. சக்கரத்துக்குள் டிரம்மை உரசி வண்டியை நிறுத்துகிற பட்டைக்குத்தான் லைனிங் என்று பேர். இரண்டு காரிலும் அது ரிவெட் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. நல்ல லைனிங் சீமையிலிருந்து வர வேண்டும். சரக்கு கிடைக்காத காலம். முதலாளி எங்கெங்கோ சொல்லி வைத்து ஒரே ஒரு செட்தான் வாங்க முடிந்தது.

2. பூக்கட்டிப் பார்த்தது

"ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். அதுக்கப்பறம் எவனும் மூச்சு விடக்கூடாது" என்றார் முதலாளி.

காதரைப் பார்த்தேன். "பாருங்க மொதலாளி. ஆத்தா எனக்கும் தெரிஞ்சவதான்" என்றான்.

மாரியம்மன் சந்நிதியில் சிவப்பு அரளி ஒன்றையும் வெள்ளை அரளி ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து வைத்தோம். சிவப்பு வந்தால் செல்வராஜுக்கு. பூசாரி ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது காதர், "அண்ணே, என் வண்டி பிரேக்க இன்னும் செத்த இழுத்துக் குடுங்க, போதும்" என்றான். அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம், ஆத்தா, அந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று கும்பிட்டேன். செல்வராஜுக்காக ஒரு தடவைகூட வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அவனுக்குத்தான் புதுசு கிடைத்துவிட்டதே.

லைனிங்கை அதைத் தாங்கும் இரும்பு வளைவில், ஷூ என்போம், ரிவெட் அடித்து முடித்ததும் செல்வராஜ் அதை வீட்டுக்கு எடுத்துப் போனான். "ஷெட்ல கெடந்தா அந்தாளு மாத்திருவான்" என்றான். மறுநாள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். இரும்புப் பக்கம் குங்குமம் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினேன்.

3. பழனி ரோடு

விடிந்ததும் பழனி ரோட்டில் சோதனை ஓட்டம். ஷெட்டிலிருந்து ரயில்வே கேட் வரை வந்து திரும்ப வேண்டும். நான் கொடியோடு கேட்டில் நின்றேன். ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரம். வேகமாக வருகிற வண்டி ஒதுங்க இடம் கிடையாது.

முதல் இரண்டு நடை சரியாக வந்து நின்றார்கள். மூன்றாவது நடைக்குக் கிளம்பிப் போன பிறகு கேட்காரர் கேட்டைச் சாத்தத் தொடங்கினார்.

"ஏ அப்பு, ரயில் வருது. ஒங்க ஆளுக கேட்ட ஒடச்சா என் வேலை போயிரும், பாத்துக்க."

கொடியை ஆட்டினேன். முன்னால் வந்த காதர் வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தான். தேய்ந்த லைனிங் என்பதால் அந்த ஓட்டம் முழுக்க அப்படித்தான் செய்தான். பின்னால் வந்த செல்வராஜ் குறைக்கவில்லை. புதுசை நம்பிக் கடைசியில் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அப்போது ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது. வண்டி வந்த வேகத்தில் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பக்கம் ரயில் கூவியது. என் கையிலிருந்த கொடி எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. "ஆத்தா" என்ற சொல்லும் வாயில் வரவில்லை.

காதர் இடப்பக்கம் ஒடித்திருந்தால் மரத்தோரம் அவன் வண்டி ஒண்டியிருக்கும். அவன் ஒடிக்கவில்லை. நடு ரோட்டை விடாமல், பின்னால் வருகிறவன் வேகத்துக்கு ஏற்றாற்போல் தன் வேகத்தைக் கூட்டினான். செல்வராஜ் வண்டியின் மூக்கு அவன் வண்டியின் பின்பக்கத்தில் வந்து மோதியது. மோதியதும் காதர் பிரேக்கை மிதித்தான். இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு, ரப்பர் கருகும் நாற்றத்தோடு இழுபட்டு வந்தன. காதரின் பம்பர் கேட் மரத்தைத் தொட்டு நின்றது. ரயில் போயிற்று.

செல்வராஜ் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்க அவனால் முடியவில்லை. நான் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

சக்கரத்தைக் கழற்றினேன். லைனிங் பளபளவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்.

"அம்மா சாமி ரூம்ல வெளக்குக்குக் கீழ வச்சிருந்தாங்க" என்றான் செல்வராஜ். "கொஞ்சூண்டு எண்ண சிந்திருச்சு. தொடச்சுட்டேன். சொன்னா லைனிங் வீணுன்னு சொல்லிருவீங்க, அவன் சிரிப்பான்னு…"

துடைத்தாலும் உள்ளே ஊறியது போகாது. டிரம் சூடானதும் வெளியே கசியும். அதனால்தான் முதல் இரண்டு நடை பிடித்தது.

காதர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேச்சு நின்ற பிறகு முதல் முறையாகச் செல்வராஜிடமே நேராகப் பேசினான்: "நாஞ் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறேன். அதுக்குன்னு சாவியா மாப்ள?"

அந்தப் பந்தயத்துக்கு எங்கள் ஷெட்டிலிருந்து எந்த வண்டியும் போகவில்லை. பட்டம் வேறு யாருக்கோ போயிற்று.

வேலை பழக வந்திருக்கும் தம்பிகளே, பழசை மாட்டினால் எல்லாரும் பயந்து பார்ப்பார்கள். புதுசை மாட்டும்போதும் அதே பயம் வேண்டும். சாமிக்கு வைக்கிறதை விளக்கில் வையுங்கள், ஷூவில் வேண்டாம். கையில் வரும் எதையும் முகர்ந்து பாருங்கள், கொண்டுவருகிறவன் முதலாளி மருமகனாக இருந்தாலும்.

அடுத்த வருடமும் அவர்கள் போட்டியை விடவில்லை. ஒருவனை ஒருவன் முந்தத்தான் ஓட்டினார்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் காதர் செல்வராஜின் வண்டியில் ஏறிப் பிரேக்கை மிதித்துப் பார்ப்பான். செல்வராஜ் காதரின் வண்டியில் மிதித்துப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் தத்தம் வண்டிக்குப் போவார்கள்.