புங்கமரத்துக்குக் கிடைத்த நன்றி

தை மாதம் என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறியதும் காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். பங்குனியில் கடற்கரைச் சாலைக்குப் போக ஆரம்பித்தவர், வேறு ஆளாகத் திரும்பி வந்தார்.

கைக்குட்டையில் புங்கம்பூவை அள்ளி வந்து சாப்பாட்டு மேசையில் கொட்டுவார். "கடலுக்குப் போற வழியில ஒரு புங்கமரம். நடக்க ஆரம்பிச்சப்ப மொட்டையா நின்னுச்சு. இப்ப எல பளபளன்னு கெடக்குது. இதுக்கெல்லாம் நன்றி சொல்லாமலே இத்தினி வருசம் ஓட்டிட்டேன்" என்பார். தினமும் மரத்தடியில் நின்று நன்றி சொல்கிறாராம். சூரியனுக்கும் உண்டாம். வைத்திக்குப்பத்துக் கரையில் கிடக்கும் படகுகளுக்குக்கூட உண்டாம்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்தவள் நான். உப்பில்லாத ரசத்தை ஊதி ஊதி ஊட்டியவள் நான். தையல் நனையாமல் உடம்பு துடைத்துவிட்டவளும் நான்தான். புங்கமரமா வந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தது?

எங்கள் குடித்தனத்தில் நன்றி என்ற வார்த்தை வந்ததே இல்லை. அது மண்டபத்தில் மைக் பிடித்துச் சொல்வது. நானும் எதிர்பார்த்ததில்லை. ஒரு மரத்துக்கு அது கிடைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் வேறு, "அண்ணன் மொகத்துல எவ்ளோ தெளிவுக்கா" என்றாள். அன்று அவர் கஞ்சியை ஜில்லென்று ஆறவிட்டுத்தான் கொடுத்தேன்.

மறுநாள் நானும் செருப்பை மாட்டினேன்.

"நீயா? சமையல்?"

"மரம் சமைக்கும்."

மரம் அழகாகத்தான் இருந்தது, அதுதான் கோபம். தளிர் வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் பொரி கொட்டினது போலப் பூ. கால் வைக்க மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் மூச்சு முழுசாக உள்ளே போனது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் மரத்தில் கை வைத்துக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"அப்படி என்னதான் சொல்றீங்க அதுகிட்ட?"

மரத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "ஐசியூவுல கண்ணே தொறக்க முடியல. ஒரு கை மட்டும் என் கையப் புடிச்சிருந்துது. உன் கைதான்னு தெரியும். எதாச்சும் சொல்லணும்னு இருக்கு. உன் மூஞ்சியப் பாத்தா வரமாட்டேங்குது. அதான் இங்க சொல்லிப் பழகுறேன்."

"நான் கண்ண மூடிக்கிறேன். சொல்லுங்க" என்று நானும் மரத்தில் கை வைத்து மூடிக்கொண்டேன். அலைச்சத்தம் கேட்டது. தலையில் ஒரு பூ விழுந்தது. இந்த மனுஷன் பிழைத்து வந்ததற்கு எனக்கும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "வெயில் ஏறுது, போலாமா?"

கூடவே நடந்தேன். தெருமுனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவர் எனக்குச் சொல்ல வேண்டியதும், நான் அவருக்குச் சொல்ல வேண்டியதும் அந்த மரத்துக்குத்தான் போயிருந்தது. பொறாமையாகத்தான் இருந்தது.