செருப்பில்லாமல் நடந்த லெந்து நாட்கள்

ஆண்டவரை நம்பியிருக்கும் சகோதர சகோதரிகளே, இதை எழுத வருடக்கணக்கில் தயங்கினேன். செருப்பைப் பற்றியெல்லாம் சாட்சியா என்று சபையில் சிரிப்பார்களோ என்ற கூச்சம். ஆனால் மனது சும்மா இருக்க விடவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில், கம்பெனிப் பிள்ளைகள் சாப்பிடும் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறேன். என் மகள் தவழத் தொடங்கிய சமயம் எனக்குப் பாதத்தில் அரிப்பு வந்தது. பிறகு கைகளிலும். தோல் வெடித்து நீர் வடிந்தது. மெஸ் நடத்தும் அக்கா, "சோப்புத்தூள் ஒத்துக்கலமா உனக்கு, இத்தப் போட்டுக்கோ" என்று ரப்பர் கையுறை வாங்கித் தந்தார். போட்டேன். கை இன்னும் மோசமானது.

மாமியார் பயந்துபோனார். "ஏம்மே, கொயந்தயத் தொடாத, ஒட்டிக்கினா இன்னா பண்றது?" மகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்துக் கை நீட்டுவாள். நான் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நிற்பேன். ஆண்டவரே, என் பிள்ளையைத் தூக்க வேண்டும். வேறு ஜெபமே எனக்கு இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து வந்தது. ஈஸ்டர் வரை செருப்பு போடுவதில்லை என்று பொருத்தனை செய்தேன். தார் ரோடு சுட்டது. ஆனாலும் பாதப் புண் ஆறிக்கொண்டே வந்தது! கை மட்டும் ஆறவில்லை. என் விசுவாசம் பாதிதானோ என்று தவித்தேன்.

ஈஸ்டர் ஆராதனைக்குச் செருப்பு மாட்டிப் போனேன். அந்த வாரமே அரிப்பு திரும்பியது. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டீரே என்று முழங்காலில் அழுதேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கண்ணைத் துடைத்துக் குனிந்தபோதுதான் பார்த்தேன். செருப்பு வார் போகும் தடத்திலேயே புண். அதற்கு வெளியே ஒன்றுமில்லை. செருப்பைப் போலவே கையுறையும், அதற்கு முன்னால் மெஸ் பார்சலுக்கு மாட்டிய பேண்டும் ரப்பர்தானே!

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணவரிடம் ஓடினேன். "இன்னாடி, ஜெபம் பண்ணிக்கினு இருந்தவ செருப்போட வர்ற?" என்று அவர் இரண்டடி பின்வாங்கினார்.

தோல் டாக்டரிடம் போனோம். முதுகில் பட்டைகள் ஒட்டிச் சோதித்தார். "ரப்பர்ல சேர்க்கிற ரசாயனம்தாம்மா உங்களுக்கு ஒத்துக்கல. இது யாருக்கும் ஒட்டாது. குழந்தையத் தாராளமாத் தூக்குங்க." கூட வந்திருந்த மாமியார் மகளை என் மடியில் வைத்தார்.

கையுறையை விட்டதும் கையும் ஆறியது. ஒவ்வாமை இன்னும் என் உடம்பில் இருக்கிறது. ரப்பர் செருப்பு, ரப்பர் பேண்டு, எலாஸ்டிக், பிள்ளைக்குப் பலூன் என எதையும் நான் தொடுவதில்லை. கடையில் எதை எடுத்தாலும் விசாரித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். ஆனால் காரணம் தெரியாத அந்தப் பயம் போய்விட்டது.

தவிப்பில் இருப்பவர்களே, கேளுங்கள். அவர் காட்டுவதைக் குனிந்து பாருங்கள். டாக்டரிடமும் போங்கள்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் அப்படியே சொல்லுங்கள். ஜெப எண்ணெயில் ஒரே ராத்திரியில் ஆறியது என்று அழகாக்கிவிடாதீர்கள். என்னைப் போல ஒருத்தி அதை நம்பி எண்ணெய் பூசிக்கொண்டு, அதே செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பாள்.