நான் துடைத்த வட்டங்கள்

மாடியில் மரவேலை செய்ய மேசை கட்டலாமென்று, முத்தியால்பேட்டையில் பழைய மரம் விற்கும் பாயிடம் நீளமான தேக்குச் சட்டம் ஒன்று வாங்கினேன். அதில் சாக்பீஸால் போட்ட எட்டு வட்டங்கள் இருந்தன. அழுக்கென்று ஈரத்துணியால் துடைத்தேன். மனைவி மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, மின்ரம்பத்தால் மேசைக்கான முதல் காலை அறுத்து முடித்தேன்.

பாய் போன் செய்தார்.

"சார், சொல்ல மறந்துட்டேன். வட்டம் போட்ட எடத்துல ரம்பம் வெக்காதீங்க. உள்ள ஆணி முறிஞ்சி கெடக்குது. பட்டா பிளேடு தெறிச்சிடும்."

அறுத்த முனையைப் பார்த்தேன். கருப்பாகத் துருக்கறை. பிளேடு நூலளவில் தப்பியிருக்கிறது.

"அடுத்தத அறுக்கலையா? புடிச்சிட்டுதான இருக்கேன்" என்றாள் மனைவி, மரத்தின்மேல் குனிந்தபடி.

"கைய எடு மொதல்ல!"

மீதிச் சட்டம் இன்னும் மாடியில் கிடக்கிறது. எட்டு வட்டங்களையும் நானேதான் துடைத்தேன். எங்கெங்கே இருந்தன என்பதுதான் நினைவில்லை.