அக்கா எழுதச் சொன்ன ‘இல்லை’

எண்பத்திரண்டில் சாரல் விழுந்த மாதங்களில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு ஓடிப்போய், பம்பாய், ஹூப்ளி என்று சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். சென்னையிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருந்த மனநல டாக்டரம்மா ஒருவர், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டு வேறு வேலை கொடுத்தார். சிறு வயதில் பட்ட அடி, பட்டினி பற்றிக் கேட்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் அவரிடம் இருந்தது. ‘தாங்கள் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளாக்கப்பட்டீர்களா?’ என்று யாரோ தமிழாக்கியிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி அதை நான் மாற்றித் தர வேண்டும். தென்காசியில் அதைக் கேட்டால், “உக்காருங்க, காப்பி குடிக்கியளா?” என்றார்கள்.

நான் ‘அடித்தார்களா’ என்று மாற்றினேன். “அடிக்காம யாரு பிள்ளை வளக்கா?” என்று சிரித்தார்கள். கடைசியில் எனக்கு நடந்ததையே எழுதினேன்: ‘கட்டிப்போட்டு, தோல் கிழியும்படி அடித்தது உண்டா? அப்போது யாராவது வந்து காப்பாற்றினார்களா?’

“முதல்ல தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு, புரியுதான்னு பாருங்க” என்றார் டாக்டரம்மா.

அக்காவைத் தென்காசியில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. எனக்குப் பதினாலு வயதில் அப்பா என்னைத் தொழுவத்துத் தூணில் கட்டி பெல்ட்டால் அடித்தார். முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்துவிட்டவள் அவள். நான் ஏன் ஓடினேன் என்று தெரிந்த ஒரே ஆள். அப்பா செத்த பிறகும் சொந்தக்காரர்களுக்கு நான் பெற்றவரைத் தவிக்கவிட்டவன்தான். அவள் ஒரு தடவை ‘ஆமாம்’ சொன்னால் எனக்குப் போதும்.

அவள் மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். நான் கேள்விகளை வாசிக்க, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். கட்டிப்போட்டு அடித்த கேள்வி வந்ததும் கை நின்றது.

“அப்பா என்னைக்குலே நம்ம மேல கைவச்சாவ?”

“யக்கா, இங்கன யாருமில்ல. முடிச்சை நீதான அவுத்தே?”

“என்ன முடிச்சு? படிப்பு ஏறல, ஓடினே. ஓடுகாலிக்கு ஒரு சாக்கு வேணும்லா.” சிரித்தாள். “செத்தவர தாள்ல ஏத்தி ஊர் ஊரா கொண்டுபோவியோ?”

“பேரெல்லாம் போட மாட்டாவ.”

“இல்லைன்னு எழுதுலே.”

எழுதினேன். எட்டிப் பார்த்தாள்.

“அடுத்ததுக்கும்.”

யாராவது காப்பாற்றினார்களா என்பதற்கும் ‘இல்லை’ என்று எழுதினேன். பிறகு சோறு போட்டாள். பசி, சாப்பிட்டேன். மோரை ஊற்றும்போது, “மெலிஞ்சிட்டியே” என்றாள். நான் குனிந்தபடியே சோற்றைப் பிசைந்தேன்.

மாலையில் டாக்டரம்மா தாளைப் பார்த்தார். “ரெண்டுக்கும் இல்லைன்னு வந்திருக்கே. கேள்வி புரிஞ்சுதா அவங்களுக்கு?”

“நல்லாப் புரிஞ்சுது” என்றேன்.

அப்படியானால் கேள்வியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று டிக் அடித்தார். மறுநாள் காலை செங்கோட்டையில் லாரி ஏறினேன். மீதிக் கேள்விகளை யார் மாற்றினார்களோ தெரியாது. அக்கா வீட்டுப் படியை அதன்பிறகு நான் மிதிக்கவில்லை.